சாயங்காலம் விழும் ட்ரிப்பர்

கமலவேணி வேலை முடிந்து வந்து கரண்ட் அடுப்பைப் போட்டால் வீடே இருண்டுவிடும். ஃபேன் நிற்கும், டிவி நிற்கும், வாசல் நிலைக்கு மேலே இருக்கும் பெட்டியில் ட்ரிப்பர் 'டப்'பென்று விழுந்திருக்கும். ஸ்டூலைப் போட்டு ஏறி அதைத் தூக்கிவிட்டு இறங்குவாள். மறுபடி அடுப்பைப் போடுவாள். மறுபடி டப். அவள் முழங்கால்கள் ஏற்கெனவே சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இதில் ஸ்டூல் ஏற்றம் வேறு.

காலையில் அதே அடுப்பு பரம சாது. சோறு வேகும், குழம்பு கொதிக்கும், ஒரு சத்தம் இருக்காது. சாயங்காலமானால்தான் அதற்குக் கிறுக்குப் பிடிக்கும். அப்புறம் கடை இட்லியைப் பொட்டலம் கட்டி வாங்கி வந்து புருஷனும் பெண்டாட்டியும் தின்றுவிட்டுப் படுக்க வேண்டியதுதான்.

பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு மெஸ்ஸில் அவளுக்குப் பாத்திரம் தேய்க்கிற வேலை. ஊரார் தின்ற தட்டையெல்லாம் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வெளுத்து, ஊறப்போட்ட துணிபோல ஆகியிருக்கும். முத்தியால்பேட்டை வீட்டுக்கு பஸ்ஸில் வரும்போது உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு அதுதான் அவளுக்கு நல்ல காலம்.

புருஷன் இராமதாஸ் மில்லில் சாயப் பிரிவில் இருந்தவர். மில்லை மூடிய பிறகு எங்கெங்கோ வாட்ச்மேனாக நின்றார். இப்போது மறதி வந்து வீட்டோடு இருக்கிறார். சில நாள் தெளிவாகப் பேசுவார். சில நாள் மில் சங்கு ஊதிவிட்டது என்று சட்டையைத் தேடுவார். ஒரு நாள் டீ போட நினைத்து கேஸைத் திறந்துவிட்டு, பற்றவைக்க மறந்து, போய்ப் படுத்துக்கொண்டார். வாடை பிடித்து ஓடிவந்தது பக்கத்து வீட்டு செல்வாம்பாள்தான். அன்றைக்கே கமலவேணி சிலிண்டரைச் செல்வாம்பாள் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டாள், கரண்ட் அடுப்பு வாங்கினாள். இதுவும் உதவாது என்றால் கேஸ் திரும்பி வர வேண்டும். கேஸ் வந்தால் அவரைத் தனியாக விட முடியாது. விடாமல் இருந்தால் வேலை போகும். பாழாய்ப்போன அடுப்பு, அவள் பிழைப்பையே கையில் பிடித்துக்கொண்டு ஆட்டம் காட்டியது.

எலக்ட்ரீஷியன் ஷஹாபுதீன் இரண்டு தடவை வந்து பார்த்தார். இரண்டும் ஞாயிற்றுக்கிழமை. அவர் போட்டபோது அடுப்பு செக்கச்செவேலென்று காய்ந்தது. ஸ்விட்சைப் பார்த்தார், வயரை இழுத்துப் பார்த்தார், பிளக்கை மாற்றினார். திங்கட்கிழமை சாயங்காலம் டப்.

"பாய், உங்க வைத்தியம் ஒண்ணும் வாணாம். அந்த ட்ரிப்பர எடுத்துட்டு லைன நேரா குடுத்துடுங்க. விழறதுக்கு ஒண்ணு இருந்தாத்தானே விழும்?" என்று போனில் கத்தினாள். யாரிடமும் குரல் உயர்த்தாதவள். அன்றைக்கு அவளுக்கு அவ்வளவு ஆகிவிட்டிருந்தது.

அந்தக் கத்தலுக்குத்தான் அவர் வேலை நாளில், சாயங்காலமே வந்தார். டார்ச் வெளிச்சத்தில் அடுப்பை மேடையிலிருந்து தூக்கிச் சாய்த்தார். அடியிலிருந்து பொளபொளவென்று தண்ணீர் கொட்டி அவர் காலை நனைத்தது.

"இன்னாக்கா இது, அடுப்பா குடமா?"

"மழையும் இல்ல, கூரையும் ஒழுவல. எப்டி பாய் தண்ணி வரும்?"

"ராத்திரி பூரா காஞ்சு காலையில நல்லா எரியுது. ஞாயித்துக்கெழம நீங்க இருக்கீங்க, அன்னிக்கும் எரியுது. நீங்க வேலைக்குப் போற நாள்ல மட்டும் நனையுது. நடுவுல யாரு இருக்கா வீட்ல?"

அவள் பதில் சொல்வதற்கு முன்பே இராமதாஸ் கதவருகில் வந்து நின்றார். முகத்தில் ஒரு பெருமை.

"நான்தான் கழுவுனேன். ஷிப்டு முடிஞ்சா மிஷின கழுவிட்டுத்தான் வெளிய வரணும். அடுத்த ஷிப்டு ஆளு வர்றப்போ சாயம் ஒட்டினு இருந்தா அவன் இன்னா பண்ணுவான், பாவம்? இவ நாள் பூரா கழுவிட்டு வரா. இங்கயும் வந்து கழுவணுமா?"

தினமும் மத்தியானம் அடுப்பைக் குழாயடிக்குத் தூக்கிப்போய், வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்த்து, வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார். அடுப்பு புதிதுபோல மின்னியதுகூட அவள் கண்ணில் படவில்லை. அசதியில் எது கண்ணில் படுகிறது?

ஷஹாபுதீன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நனைஞ்ச அடுப்புல கரண்டு கசியும் அக்கா. கசிஞ்சா விழணும்னுதான் ட்ரிப்பர வெக்கிறது. நீங்க கேட்ட மாதிரி நேரா குடுத்திருந்தா, நீங்க சட்டிய வெக்கிறப்போ அது உங்க கையிலதான் ஏறியிருக்கும்."

கமலவேணிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. புருஷனைத் திட்ட வாயைத் திறந்தாள். அவர் பாராட்டுக்குக் காத்திருப்பவர்போல நின்றுகொண்டிருந்தார். தரையில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் களைத்து வருகிறாள் என்று நினைத்தது அந்த ஒரு மனுஷர்தான். அந்த நினைப்பே அவளைக் கொன்றிருக்கும்.

மறுநாள் காலை சமைத்து முடித்து, சூடு ஆறியதும் அடுப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள். மத்தியானம் செல்வாம்பாளிடமிருந்து போன் வந்தது. இராமதாஸ் தெருவில் இறங்கி, மிஷினை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டிருக்கிறார். பஸ் ரோடு வரைக்கும் போனவரை அவள்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாளாம். "தெனம் இப்டி நான் பின்னாலயே ஓட முடியாதுடி" என்றாள். நியாயம்தானே. அவளுக்கும் வயதாகிறது.

அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் கமலவேணி நின்றுகொண்டே வந்தாள். வேலையை விட்டுவிடுவது என்றுதான் எண்ணியிருந்தாள்.

விடிந்ததும் வேறு ஒன்று தோன்றியது. அடுப்பைப் பூட்டினாள். பிறகு அலமாரியில் கழுவிக் கவிழ்த்திருந்த குண்டான், தவலை, தட்டு, தம்ளர் எல்லாவற்றையும் இறக்கினாள். மிச்சக் குழம்பை வழித்து ஒவ்வொன்றிலும் பூசினாள். தட்டுகளில் சோற்றுப் பருக்கையை ஒட்டினாள். பாத்திரம் தேய்த்தே தேய்ந்துபோன கை, நல்ல பாத்திரத்தை அழுக்காக்கக் கூசியது. எல்லாவற்றையும் குழாயடியில் குவித்து, பக்கத்தில் நாரையும் சோப்பையும் வைத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடினாள்.

நாள் முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வாம்பாளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

சாயங்காலம் வந்தபோது பாத்திரங்கள் மேடையில் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. வேட்டி நனைந்து இராமதாஸ் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

"ஷிப்டுக்கு வந்துட்டியா? எல்லாம் கழுவி வெச்சிட்டேன். நீ செத்த குந்து."

"குந்துறேங்க" என்றாள்.

பீரோவைத் திறந்து அடுப்பை எடுத்து வைத்துப் போட்டாள். கம்பி மெல்லச் சிவந்தது. ஃபேன் நிற்கவில்லை. உலையை ஏற்றிவிட்டு அவர் பக்கத்தில் வந்து காலை நீட்டிக்கொண்டாள். நாளைக்கு அழுக்காக்க வீட்டில் குழம்பு மிச்சம் இருக்குமா என்று யோசித்தபடியே கண்ணை மூடினாள்.