நகத்தால் இரண்டு தட்டு

வலது கை ஆள்காட்டி விரல் நகத்தால், காற்றழுத்தம் காட்டும் பிரஷர் கேஜின் கண்ணாடியில் இரண்டு தட்டு. முள் அசைகிறதா என்று ஒரு பார்வை. அதற்குப் பிறகுதான் இடது கையில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் ஓடத் தொடங்கும். நாற்பத்தைந்து வினாடி. அந்த நேரத்தில் கொட்டகைக்குள் யார் என்ன பேசினாலும் அவர் காதில் ஏறாது. ஒருமுறை முதலாளியே பின்னால் வந்து நின்று சம்பள உயர்வைப் பற்றிப் பேச்செடுத்தார். "இருங்க சார், முப்பத்தொண்ணு" என்று அவரையும் காக்க வைத்துவிட்டார்.

சின்ன விமானங்களைப் பழுது பார்க்கும் அந்தக் கொட்டகையில் அவருக்கு 'ஹீட்டர் அக்கா' என்று பெயர். அவரைவிடப் பத்து வயது மூத்த பெயின்டர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். வயது ஐம்பத்து நான்கு. சட்டைப் பையில் இரண்டு கண்ணாடி, ஒன்று தூரத்துக்கு, ஒன்று கிட்டத்துக்கு. எப்போதும் தவறான கண்ணாடிதான் முதலில் கைக்கு வரும்; அதற்கு அந்தக் கண்ணாடிக்குத் திட்டு விழும்.

வேலை இதுதான். இரண்டு எஞ்சின் வைத்த சின்ன விமானங்களின் மூக்குக்குள் ஒரு உருளை இருக்கும். அதற்குள் பெட்ரோல் எரியும். உருளையைச் சுற்றி ஓடும் காற்று சூடாகி, ஆள் உட்காரும் இடத்துக்கு வரும். புகை தனிக்குழாய் வழியே வெளியே போய்விடும். உருளையில் மயிரிழை அளவு விரிசல் விட்டாலும் அந்தப் புகையிலிருக்கும் நச்சு வாயு உள்ளே வரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. முதலில் தலை வலிக்கும். பிறகு தூக்கம் வரும். ஆகவே துவாரங்களையெல்லாம் அடைத்து, உருளைக்குள் காற்றை ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். "நெருப்புக்கும் மூச்சுக்கும் நடுவுல ஒரு தகடு, அவ்வளவுதான். அது ஒழுங்கா இருக்கிற வரைக்கும்தான் எல்லாரும் கேப்டன்" என்பார் அக்கா.

தட்டும் பழக்கம் கொட்டகையோடு நிற்பதில்லை. குளியலறை எடைக் கருவியைத் தட்டுவார். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் கணவரின் வண்டியில் ஏறினால் டீசல் முள்ளைத் தட்டுவார். "என்னையும் ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டுத்தான் கல்யாணத்துக்குச் சரின்னா" என்று கணவர் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். டாக்டரின் ரத்த அழுத்தக் கருவியைத் தட்டி, "டாக்டர், உங்க முள்ளு சோம்பேறி" என்று சொன்ன கதை அவர்கள் தெருவில் பிரசித்தம். டாக்டர் கருவியை மாற்றினார். புதியதில் அக்காவின் ரத்த அழுத்தம் பத்து புள்ளி கூடுதலாக இருந்தது. "இப்பத்தான் உண்மை பேசுது" என்று சந்தோஷமாக மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தார்.

அவருடைய கேஜை வேறு யாரும் தொடக் கூடாது. மஞ்சள் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து, பூட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போவார். வருடத்துக்கு ஒருமுறை அது சோதனைக்குப் போய், 'சரி' என்ற ஒட்டுச்சீட்டோடு திரும்பும். போன குளிர்காலம் வரை, இருபத்திரண்டு வருடத்தில் அவர் கையெழுத்துப் போட்ட ஹீட்டர் எதுவும் குறையோடு திரும்பி வந்ததில்லை. அக்கா பார்த்தாயிற்று என்றால் விமானிகள் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார்கள். அவருக்கு அதில் ஒரு கர்வம் உண்டு, மறைக்கவும் மாட்டார்.

போன குளிர்காலம் தொடங்கும்போது அந்த ஆள்காட்டி விரல் கார் கதவில் மாட்டிக்கொண்டது. நகம் கறுத்து, பிறகு விழுந்தே போயிற்று. ஆறு வாரம் கட்டு. லீவு போடச் சொன்னால் கேட்கிற ஆளா? குளிர் கூடுவதற்கு முன்னால் ஹீட்டரைப் பார்த்துவிட வேண்டுமென்று விமானங்கள் வரிசையில் நின்றன. வலது விரலில் கட்டு, இடது கையில் ஸ்டாப்வாட்ச். தட்டாமலே ஆறு ஹீட்டர் பார்த்தார். ஆறிலும் முள் அசையாமல் நின்றது. ஆறுக்கும் கையெழுத்துப் போட்டார். வேறு விரலால் தட்டியிருக்கலாம். தட்டவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு வந்தது ஏழாவது. பாதி வளர்ந்த நகத்தால் வழக்கம்போல் இரண்டு தட்டு. அசையாமல் நின்ற முள் தொப்பென்று விழுந்தது. அக்கா மறுபடி காற்றை ஏற்றி, குழாயையே கழற்றிப் பார்த்தார். காற்றே இல்லாத கேஜில் முள் பாதி வழியில் சொகுசாக ஒட்டிக்கொண்டு நின்றது.

அன்று காலையே முதலாளியின் அறைக்குப் போனார்.

"சார், ஆறு விமானத்தையும் திரும்பக் கூப்பிடணும்."

விஷயத்தைக் கேட்டு முதலாளி நெற்றியைத் தேய்த்தார். "பேப்பர்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு? கேஜுக்குச் சீட்டு இருக்கு. உங்களை யாரும் ஒண்ணும் கேக்க முடியாதுக்கா."

"கேக்க மாட்டாங்க சார். மேல போனவன் கீழ வந்தாத்தானே கேப்பான்?"

முதலாளி போனை அவர் பக்கம் நகர்த்தினார். "சரி, கூப்பிடுங்க. ஆனா வழக்கமான செக்கப்புன்னு மட்டும் சொல்லுங்க. உங்க பேர் எதுக்குக் கெடணும்?"

அது அக்காவுக்கும் வசதியாகத்தான் இருந்தது. ஐந்து பேரிடம் அப்படியே சொன்னார். முணுமுணுத்துக்கொண்டே வருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஆறாவது ஆள், பார்சல் ஏற்றிப் பறக்கும் விமானி. அவர் போனை எடுத்தபோது பின்னால் சாமான் ஏற்றும் சத்தம் கேட்டது.

"செக்கப்புதானேக்கா? அடுத்த வாரம் வர்றேன். இப்பக் கிளம்பிட்டிருக்கேன்."

"அப்ப ஹீட்டரைப் போடாம போங்க தம்பி."

"விளையாடாதீங்கக்கா. மேல போனா விரல் விறைச்சுப் போகும். போன மாசம் நீங்கதானே பாத்துக் கையெழுத்துப் போட்டீங்க? வேற யாராவது பாத்திருந்தா யோசிப்பேன். நீங்க பாத்தாச்சு, முடிஞ்சுது. வெக்கட்டுமா?"

இருபத்திரண்டு வருடமாகச் சேர்த்த பெயர், இப்போது அந்த மனிதனைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. 

"வெக்காதீங்க தம்பி. நான் தப்பு பண்ணிட்டேன். நான் போட்ட கையெழுத்தை நம்பாதீங்க."

விமானி சாமான் ஏற்றுபவர்களிடம் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு, "சரிக்கா. ஹீட்டர் ஃபியூஸைப் பிடுங்கிடறேன். பார்சலை எறக்கிட்டு நேரா அங்க வர்றேன்" என்றார்.

போனை வைத்த கையோடு மற்ற ஐந்து பேரையும் மறுபடி கூப்பிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னார். ஒருவர் கத்தினார். ஐந்து ஹீட்டரும் பிறகு குறையில்லாமல்தான் இருந்தன. ஆனாலும் கத்தியவர் இப்போது வேறு கொட்டகைக்குப் போகிறார். அவரை அக்கா ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை.

பார்சல் விமானி மத்தியானம் வந்து இறங்கினார். இரண்டு கம்பளி, அதன் மேல் ஒரு சாக்கு, மூக்கில் புதுக் கண்ணாடி. பற்கள் தந்தியடித்தன. அக்கா கடன் வாங்கிய கேஜை மாட்டிக் காற்றை ஏற்றினார். பத்தொன்பதாவது வினாடியில் முள் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. உருளையைக் கழற்றிப் பார்த்தபோது, ஒட்டுப்போட்ட இடத்தின் ஓரத்தில் இமை முடி நீளத்துக்கு ஒரு விரிசல்.

"அதானா விஷயம்!" என்றார் விமானி. "மூணு வாரமாத் தலைவலிக்கா. கண்ணுதான் போச்சுன்னு நெனச்சுக் கண்ணாடி வாங்கிட்டேன். தண்டச் செலவு." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. கொட்டகையின் பின்பக்கம் போய், அழுக்கில்லாத கைகளை வெகுநேரம் கழுவினார். வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. அன்றைக்கு அவருக்குப் பொழுது போனது அப்படித்தான்.

பத்து நாள் கழித்துப் புது ஹீட்டர் வந்தது. புது கேஜும் வந்தது. விமானி கண்ணாடி இல்லாத முகத்தோடு பக்கத்தில் வந்து நின்றார். அக்கா துவாரங்களை அடைத்தார். காற்றை ஏற்றினார். முள் குறியில் நின்றது. ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு, இன்னும் முழுசாக வளராத நகத்தைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டு போனவர், நிறுத்திக்கொண்டார்.

"தம்பி, கையுறையைக் கழட்டுங்க."

"எதுக்குக்கா?"

"உள்ள உக்காரப் போறது நீங்கதானே? நீங்க தட்டுங்க."

கேஜைக் குழாயோடு கொக்கியிலிருந்து எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தார்.