மூன்று பாட்டில் சாகே

எங்கள் ஜப்பானிய மேலாளர் தன் நாட்டுக்கே திரும்பும் முன் என்னையும் மனைவியையும் ஔந்தில் இருந்த தன் வீட்டுக்கு மதிய உணவுக்கு அழைத்தார். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், ஒரு மழைக்கால ஞாயிறு. மேசையில் மூன்று பாட்டில் சாகே. அரிசியில் செய்யும் மது. ஜப்பானிலிருந்து எனக்காகவே சுமந்து வந்ததாகச் சொன்னார்.

கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் அப்பா குடித்தே இறந்தவர். மாலையானால் அவர் விரல்கள் நடுங்கும். முதல் மடக்கு உள்ளே போனதும் நின்றுவிடும். அந்த நடுக்கம் எனக்குள்ளும் காத்திருக்கிறது என்ற பயத்தில் அதுவரை ஒரு துளிகூடத் தொட்டதில்லை.

"இத்தனை தூரம் தூக்கிட்டு வந்திருக்கார். நாக்குல பட்டதும் கீழ வெச்சுடுங்க," என்றாள் மனைவி தமிழில், சிரித்த முகம் மாறாமல்.

முதல் பாட்டில் குளிரூட்டியது. சின்னஞ்சிறு பீங்கான் கோப்பை. தண்ணீர் குடிக்கும் பழக்கத்தில் அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொண்டேன். மேலாளர் திகைத்தார்.

"ஏங்க, கோயில் தீர்த்தமா இது? வாய வெச்சுக் குடிங்க," என்றாள் மனைவி.

ருசியே தெரியவில்லை. மேலாளர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டி மீண்டும் நிரப்பினார். முகர்ந்தேன். பேரிக்காய் வாசனை, நாக்கில் லேசான இனிப்பு, தொண்டையில் எரிச்சல் இல்லை. இது அப்பாவின் சாராயம் இல்லை என்று சற்று மூச்சு வந்தது.

இரண்டாவதை ஒரு குடுவையில் ஊற்றி, வெந்நீரில் நிறுத்திச் சூடாக்கினார். அப்போதுதான் வடித்த சோற்றின் வாசனை. வெதுவெதுப்பு நெஞ்சுவரை இறங்கியது; தோள்கள் தாமாகத் தளர்ந்தன. பிடித்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

இலையில் விழுந்ததை மிச்சம் வைக்காமல் வளர்ந்தவன் நான். காலி செய்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். அவர் வழக்கத்தில் விருந்தாளியின் கோப்பை காலியாக இருக்கக்கூடாது. "தோடா, தோடா," கொஞ்சம்தான் என்று, டிரைவரிடம் கற்ற ஹிந்தியில் சொல்லி ஊற்றினார். குடித்தேன். ஊற்றினார். குடித்தேன். எதையும் எண்ணி வைக்கும் எனக்கு எண்ணிக்கை தப்பியது.

"போதும்னு சொல்லுங்களேன்." மனைவியின் சிரிப்பு போய்விட்டது.

"காலி பண்ணிட்டா நிறுத்திடுவார்னு பாத்தேன்."

"அவர் நிறுத்தணுமா, நீங்க நிறுத்தணுமா?"

மூன்றாவது வடிகட்டாதது. கஞ்சிபோல் கலங்கி, அடியில் மாவு தங்கியிருந்தது. பழைய சோற்று நீரின் புளிப்பு. மூன்றில் இதுவே முரடு. ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னார். இரண்டாவதுதான் என்று விரல் காட்டினேன். அவர் மகிழ்ந்துபோய் அதையே மறுபடி சூடாக்கி, என் கோப்பையை விளிம்புவரை நிரப்பினார்.

மேசைக்கடியில் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நிறைந்த கோப்பையில் அவரால் ஊற்ற முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. தொடாமல் உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு வந்தது, பேச்சு நடந்தது. நான் கோப்பையிலிருந்து ஆவி எழுந்து அடங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது கோப்பை அப்படியே இருந்தது.

படியிறங்கும்போது அவள் என் வலது கையை விரித்துப் பார்த்தாள். "நடுங்கலையே," என்றாள்.

குடித்தபின் அப்பாவுக்கும் நடுங்கியதில்லை. மறுநாள் மாலைக்காகக் காத்திருந்தேன்.

மாலையில் அலுவலக மேசைமேல் இரு கைகளையும் விரித்து வைத்தேன். நடுங்கவில்லை. வீடு திரும்பியபோது மனைவி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பாட்டிலின் அதே வாசனை வாசல்வரை வந்தது. வாயில் நீர் ஊறியது. செருப்பைக் கழற்றாமல், உள்ளே போகப் பயந்து, வெளியிலேயே நின்றேன்.