தொட்டில் சேலைகளைத் தோய்த்த நாள்

இளையவனே, உன் அம்மா இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால் ஒரு இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பாள். "ஒங்கப்பா ஒன்னையத் தொட்டில்ல இருந்து எறக்கிப்புட்டு வேற புள்ளையப் போட்டாரு" என்பாள். நீயும் ஒவ்வொரு முறையும் என்னை முறைப்பாய். நான் வாயால் சொல்லப் போனால் பாதியில் எல்லாரும் சிரித்துவிடுகிறீர்கள். நான் அதிகம் படித்தவனில்லை, ஆனாலும் எழுதினால் இடையில் யாரும் சிரிக்க முடியாது அல்லவா. அதனால் எழுதுகிறேன். உன் அக்காவும் படிக்கட்டும். அன்றைக்கு அவளும் அங்கேதான் இருந்தாள்.

எழுபத்தேழுக் கலவரத்தில் மலைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள் நாங்கள். இரணைமடுக் குளத்துக்குக் கீழே, காடு வெட்டிய ஓரத்தில் எங்களைப் போல வந்த குடும்பங்கள் வரிசையாகக் கொட்டில் போட்டு இருந்தோம். எல்லாரும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த வயல்களில் கூலி வேலை செய்தோம். இது நடந்தபோது வந்து சில வருசம் ஆகியிருந்தது. அக்காவுக்கு ஐந்து வயது. நீ அப்போதுதான் தவழப் பழகியிருந்தாய்.

அந்த வருசம் மழைக்கு முன், வாய்க்கால் துப்புரவாக்கும்போது மண்வெட்டி என் காலில் இறங்கியது. காயம் புண்ணாகிச் சீழ் பிடித்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கீறிக் கட்டுப் போட்டு, சேற்றில் மட்டும் கால் வைக்காதே, வைத்தால் கால் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்கள். வயல் வேலைக்காரனைச் சேற்றில் கால் வைக்காதே என்றால் அவன் என்ன செய்வான்? அம்மா களை பிடுங்கப் போனாள். நான் வீட்டில் இருந்தேன். விடிந்ததும் தேத்தண்ணி வைத்து, ரொட்டி சுட்டு, அக்காவுக்குத் தலை சீவிவிட்டு, உன் துணிகளை அலசிப் போட்டால் வெயில் ஏறிவிடும். அதன்பிறகு சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

மலையில் பிள்ளைக்காம்பரா என்று ஒன்று உண்டு. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு ஆயா பார்த்துக்கொள்வாள். தாய்மார் ஆளுக்கொரு சேலையைக் கொடுப்பார்கள், அதைக் கூரை வளையில் கட்டினால் தொட்டில். வன்னியில் எங்களுக்கு அப்படி ஒரு இடம் இல்லை. பெண்கள் வயல் வரம்பில் நின்ற மரங்களில் தொட்டிலைக் கட்டிவிட்டுக் களை பிடுங்கினார்கள். ஒரு நாள் ஒரு தொட்டிலுக்கு அடியில் புடையன் பாம்பு சுருண்டு கிடந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த நாள் ஒரு பெண்ணும் வேலைக்குப் போகவில்லை.

அன்று மாலை எங்கள் குடியிருப்புச் சங்கத்துக் கொட்டிலில் எல்லாரும் கூடினார்கள். அந்தக் கொட்டிலையே பிள்ளைக்காம்பரா ஆக்கலாம் என்றார்கள். யார் பார்ப்பது? சம்பளம் கொடுக்க யாரிடமும் ஒன்றும் இல்லை. பிறகு ஒவ்வொருவராக என் காலைப் பார்த்தார்கள். முதலில் பார்த்தது உன் அம்மாதான்.

அப்படித்தான் நான் ஆயா ஆனேன். காலையில் வேலைக்குப் போகிற ஆண்கள் கொட்டிலைத் தாண்டும்போது, "ஆயா, இன்னைக்கி எத்தன புள்ளைக்கிக் கால் கழுவுனீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சிரித்துக்கொள்வேன். ஆனால் உள்ளே எனக்கு மூச்சு முட்டியது. அரைச்சுவர், தென்னங்கிடுகுக் கூரை. பிள்ளைகள் ஓடைப் பக்கம் போகாமல் இருக்க வாசலில் குறுக்கே ஒரு தடி. அந்தத் தடி பிள்ளைகளுக்கா எனக்கா என்று சில நாள் யோசித்திருக்கிறேன். சுவருக்கு மேலால் பார்த்தால் தூரத்தில் வயலில் குனிந்த முதுகுகள் தெரியும். கால் ஆறட்டும், ஆறிய அன்றே இந்தத் தடியைத் தாண்டிவிடுவேன் என்று நினைத்துக்கொள்வேன்.

தொட்டில் பிள்ளைகள் ஐந்து பேர், உன்னையும் சேர்த்து. ஓடித்திரிகிற பிள்ளைகள் ஏழெட்டு. ஐந்து பேரிலும் சின்னது ஒரு பெண் குழந்தை. நீ அதற்கு அண்ணன் மாதிரி இருந்தாய். அதன் தாய்க்கு அதுதான் முதல் பிள்ளை. ஒரு ஆம்பிளையிடம் பிள்ளையைக் கொடுக்க அவளுக்கு மனமே இல்லை. மத்தியானம் ஒரு முறை ஓடையைத் தாண்டி ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். முதல் நாள் பிள்ளையை என் கையில் தரும்போது, "அண்ணே, ஒரு வாரம் பாக்கிறேன். புள்ள வாடுச்சுன்னா நான் வேலைக்கி வரமாட்டேன்" என்றாள். அவள் நின்றுவிட்டால் மற்றவர்களும் நிற்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டு அடுப்பும் அந்தக் களைக் கூலியில்தான் எரிந்தது.

அந்த வாரத்திலேயே வந்தது அந்த நாள்.

பக்கத்துக் காணியில் ஒரு அக்கா இருந்தா. இந்த ஊர்க்காரர். பிள்ளைகளுக்கென்று ஒரு சட்டி கஞ்சி கொண்டுவந்து தருவா. யாரும் கேட்டு அல்ல, தானாகவே. அன்று காலை கஞ்சியை வைத்துவிட்டு மூக்கைச் சுளித்தா.

"அண்ணை, உந்தச் சீலையள் மணக்குது. பிள்ளையளுக்குக் காய்ச்சல் வருத்தம் வந்திடும். கழட்டித் தாங்கோ, தோய்ச்சுப் போட்டுக் கொண்டுவாறன்."

உண்மைதான், மூத்திர வாடை அடித்தது. எனக்குச் சந்தோசமாகப் போய்விட்டது. பிள்ளைகளைப் பாயில் கிடத்திவிட்டு நான்கு சேலைகளையும் அவிழ்த்துக் கொடுத்தேன். நீ மட்டும் தொட்டிலில் நல்ல தூக்கம். தூங்குகிற பிள்ளையைக் கிளப்ப வேண்டாம், இதை நாளைக்குத் தோய்ப்போம் என்று அந்த அக்காவே சொன்னா. நல்ல வெயில். சவர்க்காரம் போட்டு, நீலம் போட்டு, வேலியில் விரித்து, காய்ந்ததும் மடித்துக் கொண்டுவந்து தந்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனா. நான் வளையில் கட்டினேன். கோயில் வாசலில் கட்டிய சோடனை மாதிரி நான்கு தொட்டில். தாய்மார் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று மனதுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

பிள்ளைகளைப் போட்டதும் நான்கும் அழத் தொடங்கின.

ஒன்று அழுதால் மற்றது அழும், அது வழக்கம். ஆனால் இது நிற்கவில்லை. எறும்பு கடித்ததா என்று ஒவ்வொன்றாகத் தூக்கி உதறிப் பார்த்தேன். வயிற்றைத் தடவினேன். கண்ணூறு என்று செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். அதில் எல்லாருக்கும் தும்மல் வந்ததுதான் மிச்சம். தூக்கினால் கொஞ்சம் அடங்கும், தொட்டிலில் வைத்த உடனே முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் தேடிவிட்டு மறுபடி அலறும்.

அப்போதுதான் மழை பிடித்தது. சும்மா மழை இல்லை. கிடுகுக்கு மேலே கல்லைக் கொட்டுவது போல. கொஞ்ச நேரத்தில் ஓடையின் சத்தம் மாறியது. தெருவால் சைக்கிளில் போன ஒருவர், குளம் நிரம்பி வான் பாய்கிறது, ஓடையைத் தாண்டுகிற மதகுக்கு மேலால் தண்ணீர் போகிறது, யாரும் தாண்ட முடியாது என்று கத்திக்கொண்டே போனார். தாய்மார் அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம். கொட்டிலைச் சுற்றி முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர். பக்கத்துக் காணி அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இத்தனை பிள்ளைகளை விட்டுவிட்டு, இந்தக் காலோடு, நான் எங்கே போவேன்?

ஓடித்திரிகிற பிள்ளைகள் பயந்துபோய் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டார்கள். உன் அக்கா பாயை நீளமாகச் சுருட்டி, அவர்களை வரிசையாக உட்காரவைத்து பஸ் ஓட்டினாள். "கிளிநொச்சி, பரந்தன், ஏறுங்க ஏறுங்க." ஒரு பையன் தனக்கு இறங்க வேண்டும், அம்மாவிடம் போக வேண்டும் என்று அழுதான். "வெளிய தண்ணி. பஸ் நிக்காது" என்றாள். அவள் சொன்னது சரிதான். எனக்கும் இறங்க இடமில்லை.

மத்தியானம் போய்விட்டது. பெரிய பிள்ளைகள் கஞ்சி குடித்தார்கள். தொட்டில் பிள்ளைகளில் மூன்று, அழுத அலுப்பில் விக்கி விக்கிக் கஞ்சித் தண்ணீரைக் குடித்துக் கண் சொருகின. நீயும் குடித்துவிட்டு உன் தொட்டிலில் கிடந்தாய். அந்தச் சின்னதுதான் குடிக்கவில்லை. தாய்ப்பால் தவிர எதுவும் அறியாத வாய். சீனி போட்டு ஆற்றிய தண்ணீரைக் கரண்டியில் வைத்தால் நாக்கால் தள்ளியது. அழுகை வரவர மெலிந்தது. பிள்ளை அழுவது அல்ல, அழாமல் போவதுதான் பயம் என்று அன்று அறிந்தேன். உதடு காய்ந்துவிட்டது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டிலுக்குள் அந்தச் சுவரில் இருந்து இந்தச் சுவருக்கும், இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவருக்கும் நடந்தேன். நொண்டி நடந்ததில் கட்டுத் துணியில் இரத்தம் தெரிந்தது.

நீ சிணுங்கினாய். உன் தொட்டிலை ஆட்டக் குனிந்தேன். தோளில் கிடந்த பிள்ளையின் முகம் உன் அம்மாவின் சேலையில் உரசியது. அது சட்டென்று அழுகையை நிறுத்தி, அந்தச் சேலையில் மூக்கை வைத்து வாயால் தேடியது. நிமிர்ந்தேன், அழுதது. குனிந்தேன், நிறுத்தியது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மற்ற நான்கு சேலையிலும் சவர்க்கார வாசம். தாய் இல்லை. இந்த ஒன்றில்தான் அடுப்புப் புகை, தேங்காய் எண்ணெய், வயல் சேறு, வியர்வை. அது உன் அம்மாவுடையதுதான். ஆனால் அதே சேற்றில் அதே வெயிலில் ஒன்றாகக் குனிந்து நின்ற பெண்கள் அவர்கள். அந்தக் குழந்தைக்கு அது போதுமாக இருந்தது.

மகனே, கொட்டிலில் தோய்க்காத சேலை ஒன்று. பிள்ளைகள் இரண்டு. நீ கஞ்சித் தண்ணீர் குடித்தவன், அது ஒன்றும் குடிக்காதது. நான் உன்னை இறக்கினேன். அதைப் போட்டேன்.

நீ போட்ட கூச்சலில் கூரை போகாதது அதிசயம். உன்னை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, மற்றக் கையால் அந்தச் சேலை ஓரத்தை அதன் கன்னத்தில் வைத்து, கரண்டியால் சொட்டுச் சொட்டாகச் சீனித் தண்ணீர் விட்டேன். முதல் கரண்டி கழுத்தில் வழிந்தது. அடுத்ததும் வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது. நீ என் தாடையில் அடித்தாய். நான் விட்டுக்கொண்டே இருந்தேன். கோப்பையில் பாதி குறைந்ததும் அது தூங்கிப்போனது. நீ தூங்கவில்லை. உன் அம்மாவின் சேலையைக் கை நீட்டிக் காட்டிக் காட்டி அழுதாய்.

பொழுது சாயப் போகையில் மழை விட்டது. வயல்காரர் கயிறு கட்டிப் பிடித்துப் பெண்களை ஒருவர் பின் ஒருவராக மதகைத் தாண்டவைத்தார். முதலில் ஓடி வந்தது அந்தச் சின்னதின் தாய்தான். தடியைக்கூட எடுக்கவில்லை, அதற்கு அடியால் நுழைந்து வந்தாள். தன் தொட்டிலைப் பார்த்தாள், வெறுமையாகக் கிடந்தது. உன் அக்காதான் உன் தொட்டிலை விரலால் காட்டினாள்.

அவள் பிள்ளையை எடுத்து, வாயில் கையை வைத்து ஈரம் பார்த்து, மூலையில் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். அது குடிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அப்போதுதான் கால் வலித்தது.

உன் அம்மா உன்னை வாங்கினாள். உன் தொண்டை கம்மியிருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். அவள் தோய்த்த சேலைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். "வாசத்தக் கழுவிப்புட்டு, புள்ளைய வச்சிக்கிட்டு முழிச்சிருக்கீங்க" என்றாள். பிறகு உன்னை மோந்துகொண்டு, "அந்தப் புள்ள கெடந்தா கெடந்துட்டுப் போகட்டும். என் சேலதானே" என்றாள். இரண்டு நாள் நீ என் கைக்கு வரவில்லை. அது உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

தண்ணீர் வடிந்து வேலை தொடங்கிய காலையில் பெண்கள் வந்தபோது ஒவ்வொருத்தி கையிலும் அந்த மழை நாளில் வயலுக்கு உடுத்த சேலை இருந்தது. தோய்க்கவில்லை, அடுப்புக்கு மேலே காயப்போட்டிருந்தார்கள். பக்கத்துக் காணி அக்காவிடம் விசயத்தைச் சொன்னோம். "ஐயோ, எனக்கு விளங்கேல்லையே அண்ணை" என்று அந்தச் சின்னத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டா. அதன்பிறகும் தோய்த்துத் தந்தா. தோய்த்ததைத் தாய் ஒரு நாள் உடுத்த பிறகுதான் வளையில் கட்டுவோம். அந்தச் சின்னத் தாய் ஒரு வாரம் என்று சொன்னதைப் பற்றி மறுபடி பேசவேயில்லை.

தைப்பொங்கலுக்குப் பிறகு கால் ஆறியது. ஒரு காலை மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, எல்லாரையும் போல நானும் வயலுக்குக் கிளம்பினேன். கொட்டில் வாசலில் தாய்மார் பிள்ளைகளோடு நின்றார்கள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அந்தச் சின்னத் தாய் மட்டும் வந்து, நான் மண்வெட்டி வைத்திருப்பதையே காணாதவள் போலப் பிள்ளையை என் மறு தோளில் சாத்தினாள். அது என் கழுத்தில் மூக்கை வைத்து ஒரு முறை மோந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

மண்வெட்டியைக் கொட்டிலின் வெளிச்சுவரில் சாத்தினேன். உள்ளே போய், தடியை நானே குறுக்கே போட்டேன்.