கிண்ணம் போகாத வீடு

சர்வதேசக் கிண்ணம் வென்ற மனேஜர் என்று என்னைக் கலியாண வீடுகளில் அறிமுகப்படுத்துகிறவர்கள் இன்றைக்கும் லண்டனில் இருக்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வரும். கையைக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டு மேசைப் பக்கம் நகர்ந்துவிடுவேன். அங்கேயே நின்றால் ஏதாவது சொல்லிவிடுவேன், நல்ல நாளில் ஏன் சண்டை என்று மனைவி முறைப்பாள்.

சர்வதேசம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்து ஊர்களில் பாதிக்குப் பாரிஸிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் அந்தந்த ஊரின் பெயரில் உதைபந்தாட்டக் கழகங்கள் இருந்தன. கோடையில் ஏதாவது ஒரு நகரத்தில் எல்லோரும் கூடி இரண்டு நாள் மோதுவார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில் ஒன்றில் முறை லண்டனுக்கு வந்தது. எங்கள் ஊர்க் கழகத்துக்கு நான் மனேஜர். தபாலகத்தில் விடியற்காலை ஷிப்டில் கடிதம் பிரிக்கிற வேலை, மிச்ச நேரமெல்லாம் பந்து.

தொலைக்காட்சியில் ஐரோப்பியக் கிண்ணம் வெல்லும் மனேஜர்மார் நீளக் கோட்டுப் போட்டுக்கொண்டு மைதான எல்லையில் நின்று சுவிங்கம் மெல்லுவார்கள். நான் பதினெட்டுப் பேரின் ஜேர்சிகளை என் வீட்டு மெஷினில் தோய்த்தேன். தோடம்பழம் வெட்டினேன். சனிக்கிழமை முழுக்கப் போனில் கெஞ்சினேன். ஒருவனுக்கு ஷிப்ட், ஒருவனுக்கு மச்சாளின் சாமத்தியச் சடங்கு, ஒருவனுக்கு முதல் நாள் குடித்தது இறங்கவில்லை. இந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்த்தவன் நான் என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவர்கள் ஒவ்வொருவரையும் எனக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்களுக்கு இல்லாமலிருந்தது ஒரு நல்ல கோல் கீப்பர். இருந்தவன் பந்து வரும்போது கும்பிடுவதுபோலக் குனிவான், பந்து காலிடைக்குள்ளால் போய்விடும். அப்போதுதான் வால்தம்ஸ்டோவில் ஒரு பூங்காவில், மழைத் தூறலில், முன்பின் தெரியாத ஆட்களோடு விளையாடிக்கொண்டிருந்த அவனைக் கண்டேன். இருபத்தேழு வயது இருக்கும். நீண்ட கைகள். பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே அறிந்தவன்போல அங்கே போய் நிற்பான். ஆட்டம் முடிந்ததும் போய்க் கதைத்தேன். ஜெர்மனியில் பத்து வருடம் இருந்துவிட்டுத் தாயோடு லண்டனுக்கு வந்தவன், ஒரு களஞ்சியத்தில் வேலை. ஊரைக் கேட்டேன். என் ஊரையே சொன்னான். சேறும் சகதியுமாக நின்றவனைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

நிர்வாகக் குழுக் கூட்டத்தில் சொன்னதும் செயலாளர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார், "ஊரிலை எந்தப் பக்கம்?"

வெளியாட்கள் இதைத் திசை கேட்பதாக நினைக்கக்கூடும். சாதி என்ன என்று கேட்க வெட்கப்படுகிறவர்கள் பக்கம் கேட்பார்கள். கடல் கடந்து, அகதி என்று கையெழுத்து வைத்து, நிறம் பார்க்கிறார்கள் என்று வெள்ளைக்காரன்மேல் முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து கேட்பார்கள்.

"குளத்துக்கு அங்காலை," என்றேன்.

குளத்துக்கு அப்பால் எந்தச் சாதி குடியிருக்கிறது என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். தலைவர் தொண்டையைச் செருமினார். "விளையாடட்டும். விளையாட்டிலை உதுகளைப் பாக்கக் கூடாது," என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். எவ்வளவு பெரிய மனசு என்றுகூட நினைத்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டிய இடம் அது. மடையன், அன்றைக்கு எனக்கு வரவில்லை.

அரையிறுதியில் பாரிஸ்காரரை ஒரு கோலால் வென்றோம். இறுதியில் சூரிச். முழு நேரமும் கோல் இல்லை, பெனால்டிக்குப் போனது. அவன் இரண்டைப் பிடித்தான். இரண்டாவதைப் பிடித்தபோது எங்கள் ஆட்கள் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். அவனைத் தோளில் தூக்கினார்கள். கன்னத்தில் கொஞ்சினார்கள். செயலாளர் தன் சொந்தத் துவாயால் அவன் முகத்து வேர்வையைத் துடைத்துவிட்டார். தலைவர் மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, "உலகத்திலை உள்ள எங்கடை ஊர்ப் பிள்ளையள் எல்லாம் ஒண்டு," என்று தழுதழுத்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிடம் பொய்யில்லை என்று நான் இன்னும் நம்புகிறேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வென்ற கிண்ணம் அலுமாரிக்குப் போகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் நான்கு மணிக்கு ஒவ்வொரு வீரனின் வீட்டுக்கும் போகும். வீட்டார் வாசலில் நின்று அதை வாங்கி, மேசையில் வைத்து, பூப்போட்டு, சந்தனம் தொட்டுவைப்பார்கள். நிர்வாகக் குழுவும் மற்ற வீரர்களும் குடும்பத்தோடு வந்து தேத்தண்ணி குடித்து, பலகாரம் சாப்பிட்டு, படம் பிடித்துக்கொண்டு போவார்கள். கிண்ணம் ஒரு கிழமை அந்த வீட்டில் இருக்கும். பிறகு அடுத்த வீடு.

முதலில் கோல் கீப்பர் வீடு என்று நான் சொன்னேன். "வயசு ஒழுங்கிலை போவம்," என்றார் செயலாளர். அவர் எழுதிய ஒழுங்கில் பத்தொன்பது வயதுப் பையன்களுக்கும் பிறகு, கடைசியில் அவன் நின்றான். என்ன வயசு ஒழுங்கு இது என்று கேட்டேன். "ஒராள் கடைசியாய் இருக்கத்தானே வேணும்," என்றார். அதையும் மென்று விழுங்கினேன்.

கிண்ணம் டூட்டிங் போனது, ஹரோ போனது, ஈஸ்ட்ஹாம் போனது. எல்லா வீட்டுக்கும் அவன் வந்தான். அவனுக்கும் தேத்தண்ணி கொடுத்தார்கள். எல்லோருக்கும் பீங்கான் கப், அவனுக்குக் கடதாசிக் கப் என்று ஒரு வீட்டில் நடந்ததை நான் கண்டேன். கப் போதாமல் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்லவனாக இருக்க ஆசைப்படுகிறவனுக்கு இப்படி ஆயிரம் சாட்டு வாயில் வரும்.

மார்கழிக் குளிரில் அவன் முறை வந்தது. இரண்டு நாள் முன்னதாக அவன் தாய் எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, எத்தினை பேர் வருவியள்? கணக்காய்ச் சொன்னால் எனக்குச் செய்ய லேசு."

"இருபது பேர் வருவம் அம்மா," என்றேன்.

நான் சொன்ன அந்த எண்ணிக்கையை யாரிடமும் விசாரித்துச் சொல்லவில்லை. மற்ற வீடுகளுக்கு இருபது பேர் வந்தார்கள், இந்த வீட்டுக்கும் வருவார்கள் என்று நினைத்தேன்.

ஞாயிறு மத்தியானம் தலைவரின் போன் வந்தது. "இண்டைக்குக் கிண்ணம் வராது. மினுக்கக் குடுத்திருக்கு."

"ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடைக்காரன் அண்ணை மினுக்கிறான்?"

கொஞ்சம் பொறுத்துச் சொன்னார், "உமக்கு விளங்கும்தானே. எனக்கு ஒண்டும் இல்லை. பொம்பிளையள்தான் வரமாட்டம் எண்டு நிக்கினம்."

எப்போதும் இப்படித்தான். ஆம்பிளைகளுக்கு ஒன்றும் இல்லை, பொம்பிளைகள்தான். பொம்பிளைகளைக் கேட்டால் தங்களுக்கு ஒன்றும் இல்லை, ஊர்ச் சனம்தான். நான் வீரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்தேன். ஒருவனுக்குக் காய்ச்சல். ஒருவனின் கார் கிளம்பவில்லை. லண்டனிலேயே பிறந்த பையன் ஒருவன்தான் உண்மையைச் சொன்னான், "சொறி அங்கிள், அப்பா போக வேண்டாமாம்." கோல் கீப்பரின் கன்னத்தைக் கொஞ்சிய வாய்களில் அந்த அப்பாவின் வாயும் ஒன்று. என் மனைவிக்கும் அன்றைக்குத் தலையிடி. நான் அவளை வற்புறுத்தவில்லை.

காரை எடுத்துக்கொண்டு நேரே வெம்பிளிக்குப் போனேன், தலைவர் வீட்டுக்கு. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வருவது, தடுத்தால் அடிப்பது என்றுதான் போனேன். கதவு திறந்ததும் கண்டேன். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் பளபளவென்று இருந்தது. மினுக்க ஒரு பொட்டு இடமில்லை.

"வாரும், வாரும். வெளியிலை நல்ல குளிர்," என்றார் தலைவர். கையைப் பிடித்து இருத்தினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் லண்டன் வந்த புதிதில் எனக்கு அறை எடுத்துத் தந்தவர். அவருடைய மனைவி ஒன்றும் நடக்காததுபோலச் சிரித்த முகத்தோடு தேத்தண்ணியை நீட்டினார். நான் வாங்கினேன். குடித்தேன். கடைசி மிடறு வரைக்கும் குடித்தேன். தலைவர் கழகத்தின் எதிர்காலம் பற்றிக் கதைத்தார். "அந்தப் பெடியனுக்கு நாங்கள் ஒரு குறையும் வைக்கேல்லை. நீரே சொல்லும்," என்றார். நான் கப்பை வைத்துவிட்டு எழும்பினேன். கத்தவில்லை, அடிக்கவில்லை, கிண்ணத்தைத் தொடவும் இல்லை. குடித்த தேத்தண்ணி வாயைக் கட்டிவிட்டது. அவருக்கு அது தெரியும், அதற்காகத்தான் தந்தார்.

வால்தம்ஸ்டோவில் அவர்களின் கவுன்சில் பிளாட் மூன்றாம் மாடியில். வாசலில் கோலம். உள்ளே பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கிய கதிரைகள், ஒன்றுக்கொன்று பொருத்தமில்லாமல், சுவரோரம் வரிசையாக. மேசையில் வெள்ளை விரிப்பு, நடுவில் கிண்ணத்துக்கு இடம் விட்டுச் சுற்றிவரப் பூ. ரோல்ஸ், வடை, கேசரி, பற்றிஸ், இருபது பேருக்கு. தாய் மடிப்புக் கலையாத புதுச்சேலையில் நின்றார். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மற்றவை காரை விட்டிட்டு வருகினமோ தம்பி?"

"கிண்ணத்தை மினுக்கக் குடுத்திருக்கினம் அம்மா," என்றேன். அதே பொய். வேறு பொய்கூட எனக்குக் கிடைக்கவில்லை. "அது இல்லாமல் வந்து என்ன எண்டு மற்றவை..."

அவர் கதிரைகளைப் பார்த்தார். பிறகு, "பறவாயில்லை. நீங்கள் வந்திருக்கிறியள். இருங்கோ," என்று குசினிக்குள் போனார். மகன் குசினிக் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றான். தாய் தட்டில் தேத்தண்ணியோடு வந்து என் முன்னால் நீட்டினார்.

"வேண்டாம் அம்மா. இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்."

உண்மைதான். தலைவர் வீட்டில் குடித்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஆனால் சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று எனக்குப் பட்டது. எங்கள் ஊரில் குளத்துக்கு அங்காலை போகிற எங்கள் பக்கத்து ஆட்கள், கலியாணமோ செத்தவீடோ, அந்த வாசல்களில் சொல்வது இதைத்தான். என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். மரியாதையாக, சிரித்த முகத்தோடு, இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்பார். எதற்காகச் சொல்கிறார் என்று சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அந்தத் தாய்க்கு எத்தனை முறை அது சொல்லப்பட்டிருக்கும்.

தட்டு அப்படியே நின்றது. அவன் வந்து அதைத் தாயின் கையிலிருந்து வாங்கினான். "உள்ளுக்கை வைக்கிறன் அம்மா. அண்ணை குடிச்சிட்டாராம்," என்றான்.

"இல்லை, தா தம்பி, குடிக்கிறன்," என்று பாய்ந்து எழும்பினேன். கப்பைப் பறித்தேன் என்றே சொல்ல வேண்டும். கொதிக்கக் கொதிக்கக் குடித்தேன். இன்னொரு கப் கேட்டு வாங்கிக் குடித்தேன். நான்கு ரோல்ஸ் தின்றேன், கேசரி தின்றேன், நல்லாயிருக்கு நல்லாயிருக்கு என்று சொல்லிச் சொல்லித் தின்றேன். தாய் சிரித்தபடி பரிமாறினார். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த பயிற்சிக்கு அவன் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. நான் நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குப் போய், மேசையில் குத்தி, எல்லோரையும் பெயர் சொல்லித் திட்டிவிட்டு விலகினேன். ஒருவரும் தடுக்கவில்லை. அன்றைக்குத்தான் என் வாய் திறந்தது, கிண்ணம் போக வேண்டிய நாளில் இல்லை. அந்தச் சூட்டோடு அவனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன், உனக்காக விலகிவிட்டேன் என்று. அவன் சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தேன்.

"என்னத்துக்கு அண்ணை விலகினனியள்? நான் கேக்கேல்லையே."

"அவங்கள் செய்த வேலைக்கு..."

"அவையிலை எனக்குக் கோவம் இல்லை. அவையைச் சின்னனிலையே தெரியும். உங்களைத்தான் தெரியாமல் போச்சு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் வாழ்க்கையில் நான் யாருக்கும் இவ்வளவு செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது. "நான் வந்தனான்தானே? உங்கடை வீட்டிலை தேத்தண்ணி குடிச்சனான்தானே?" என்று கத்தினேன்.

"குடிச்சனியள். ரெண்டு கப் குடிச்சனியள்," என்றான். குரல் உயரவில்லை. "மற்ற வீடுகளிலை நீங்கள் ஒரு கப்தானே அண்ணை குடிக்கிறனியள்."