மூலைத் துண்டு

மீன் தொட்டிக்கு மூடி செய்வதுதான் தொழில் என்று சொன்னால், கேட்பவர் முதலில் ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார். பிறகு, "அதுக்கெல்லாம்கூடவா ஒரு ஆள்?" என்பார். மூடிக்காரருக்கு இது பழகிப்போயிருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? "ஆமாங்க, அதுக்கும் ஒரு ஆள்" என்று சொல்லிவிட்டு டேப்பை இழுத்து அளக்க ஆரம்பித்துவிடுவார்.

இந்தத் தொழிலுக்கு முன்னால் அவர் ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்துக்கொண்டிருந்தவர். அலுமினியச் சட்டம், சட்டத்தில் ஒரு பள்ளம். வலையை விரித்து, மேலே ரப்பர் கயிற்றை வைத்துப் பள்ளத்துக்குள் அழுத்தினால் தொய்வில்லாமல் நிற்கும். தொட்டியில் வளர்க்கிற கடல் மீன்களை விற்கும் கடைக்காரர் ஒருவர் ஒரு நாள் வந்தார். "கொசு உள்ள வரக் கூடாதுன்னு அடிக்கிறீங்க. என் மீனு வெளிய போகக் கூடாதுன்னு ஒண்ணு அடிச்சுத் தாங்களேன்" என்றார். விளையாட்டாக ஆரம்பித்தது. பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

கடல் மீன் குதிக்கும். கதவை டமாரென்று சாத்தினால் குதிக்கும், விளக்கைச் சட்டென்று போட்டால் குதிக்கும், பக்கத்து மீன் முறைத்தால் குதிக்கும். கடலில் குதித்தால் மறுபடியும் கடலில்தான் விழும். தொட்டியில் குதித்தால் தரையில் விழும் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுப்பது? கண்ணாடி போட்டு மூடலாம் என்றால் காற்று அடைத்துப்போகும், தண்ணீர் சூடேறும். அதனால்தான் வலை. ஆனால் வலையைவிட முக்கியம் மூலை. மோட்டார் ஒயரும் குழாயும் அந்த மூலை வழியாகத்தான் உள்ளே போகும் என்பதால் சட்டத்தை அங்கே கொஞ்சம் வெட்டியாக வேண்டும். வெட்டிய இடத்தை அடைக்கப் பிளாஸ்டிக் பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு. "தொட்டி முழுக்க மூடிட்டு மூலையை விட்டா, மூடவே இல்லைன்னு அர்த்தம்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார். மூடி மாட்டுகிற அன்றைக்கே துண்டையும் மாட்டிவிட்டுத்தான் படி இறங்குவார். இத்தனை வருஷத்தில் அவர் மூலையைப் பாக்கி வைத்தது ஒரே ஒரு வீட்டில்தான்.

அந்த வீட்டுக்குப் போவதற்கு முன் அவர் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மகளின் பிரசவத்துக்கென்று மூன்று மாதத்துக்கு வெளிநாடு போன மனைவி, இன்னும் வந்தபாடில்லை. அந்தக் குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பு. சண்டையா என்றால் சண்டையில்லை. சண்டை இருந்தாலாவது பேச ஏதாவது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "சாப்டீங்களா?" "ஆச்சு." "மாத்திரை?" "ஆச்சு." நடுவில் பேரன் வந்து, "தாத்தா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெட்கப்பட்டு ஓடிவிடுவான். அதோடு சரி. மற்ற ஆறு நாளும் மூடிக்காரர் வாயிலிருந்து வருவது நீளம், அகலம், உயரம்தான். சில சாயங்காலங்களில், குரல் இருக்கிறதா போய்விட்டதா என்று சும்மா ஒரு முறை இருமிப் பார்ப்பார். அவருக்குப் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

அந்த ஆள் ஒரு புதன்கிழமை சாயங்காலம் கிடைத்தார். கடைக்காரர் அனுப்பி வைத்த விலாசம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்தவர் கப்பலில் முப்பது வருஷம் சமையல்காரராக இருந்த பெரியவர். எழுபத்தி நாலு வயது, முட்டியில் ஆபரேஷன், கையில் தடி. மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது. ஒரு அறை, ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, சுவரோரம் ஒரு தொட்டி. அத்தனை பெரிய தொட்டியில் ஒரே ஒரு மீன். மணலில் குழி தோண்டி, கழுத்துவரை வெளியே நீட்டிக்கொண்டு, முகத்தில் பாதியைப் பிடித்துக்கொண்ட வாயை அகலத் திறந்து இவரை முறைத்தது.

"இவ பேரு மாமியார்" என்றார் பெரியவர்.

"யாருங்க?"

"மாமியார்யா. நல்லாப் பாரு. நான் எழுந்தா எட்டிப் பார்ப்பா, உக்காந்தா எட்டிப் பார்ப்பா. திறந்த வாயை மூட மாட்டா. ஒரு கல்லை வெச்ச எடத்துல விட மாட்டா, நாள் பூரா இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்க. என் நிஜ மாமியார் வந்து தங்கினா சமையல்கட்டுல இதே கதைதான். பொழுது சாஞ்சா ஒரு கல்லை இழுத்து வாசலை அடைச்சுக்கிட்டுத் தூங்கிடுவா. அந்த ஒரு விஷயத்துல மட்டும் இவ தேவலை."

மூடிக்காரர் சிரித்துவிட்டார். தன் சிரிப்புச் சத்தம் தனக்கே புதிதாக இருந்தது. அளவு எடுக்க ஐந்து நிமிஷம் போதும். அன்றைக்கு அரை மணி ஆயிற்று. பெரியவர் டீ போட்டுத் தந்தார். நாற்பது பேருக்குச் சமைத்த கை, இரண்டு பேருக்கு டீ போட்டால் சர்க்கரை எங்கேயோ எகிறிவிடுகிறது. மூடிக்காரர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

அடுத்த புதன் மூடியோடு போனார். சட்டம் கச்சிதமாக உட்கார்ந்தது. மூலைத் துண்டு பையில் தயாராக இருந்தது. எடுக்கப் போனவர் கை அப்படியே நின்றது. இதை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. வேலை முடிந்தால், போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது? பெரியவர் அந்தப் பக்கம் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு, புயலில் குழம்புப் பாத்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூடிக்காரர் பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். மிச்ச வலையைப் பந்தாகச் சுருட்டி மூலையில் திணித்தார்.

"அண்ணா, இந்த மூலைக்கு மட்டும் ஒரு துண்டு வரணும். அடுத்த புதன் கொண்டாந்துடறேன். அது வரைக்கும் இது நிக்கும்."

"வா, வா. எனக்கென்ன, கப்பலா கிளம்பப்போகுது?"

அடுத்த புதன், பலகை கிடைக்கவில்லை என்றார். அதற்கடுத்த புதன், கால் அங்குலம் கூடிவிட்டது என்றார். பன்னிரண்டு வருஷம் நூல் பிசகாமல் வெட்டியவர் இதைக் கூசாமல் சொன்னார். பிறகு திருகு சரியில்லை. பிறகு, சட்டத்தில் உப்புப் படிந்திருக்கிறது, துடைத்துவிட்டுப் போகிறேன். இப்படியே ஐந்து புதன். பெரியவரும் தோண்டித் துருவிக் கேட்கவில்லை. மூடிக்காரருக்குச் செவ்வாய்க்கிழமையே சட்டை தேய்க்கிற பழக்கம் வந்துவிட்டது. மூலைத் துண்டு அவரோடு மூன்று மாடி ஏறி மூன்று மாடி இறங்கிக்கொண்டிருந்தது.

ஆறாவது புதன் மணியை அடித்து வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. பெரியவர் முகம் வாடியிருந்தது. திரும்பி உள்ளே நடந்தார். தொட்டியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழி இருந்தது, குழியில் யாரும் இல்லை.

"மாமியார் போயிட்டாய்யா" என்றார்.

தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் காலையில் கிடைத்திருக்கிறது. காய்ந்து, சுருண்டு, தூசி ஒட்டிக்கொண்டு. ஒரு டப்பாவில் பஞ்சு விரித்து வைத்திருந்தார். மூடிக்காரர் பார்த்தார். அந்த வாய் அப்போதும் திறந்துதான் இருந்தது.

பெரியவர் சட்டைப் பையிலிருந்து சுருட்டிய வலையை எடுத்து நீட்டினார். "இதோ. நேத்து சாயங்காலம் தீனி போட எடுத்தேன். முழு மூடியையும் தூக்கணும்னா ரெண்டு கை வேணும், தடியை எங்க வெக்கறது? அதனால மூலை வழியாத்தான் போடுவேன். போட்டதும் திருப்பிச் சொருகிடுவேன். நேத்து சட்டைப் பையில போட்டவன் மறந்துட்டேன். நாப்பது பேருக்கு மூணு வேளை ஆக்கிப் போட்டவன்யா நான். ஒருத்தனுக்கு வயித்துவலின்னு வந்ததில்லை. ஒரு மீனைக் காப்பாத்தத் துப்பில்லாம போச்சு பாரு. கிழவனுக்கு எதுக்கு மீனு?"

"விடுங்கண்ணா."

"எங்க விடறது? நான்தானே கொன்னேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி. கடைக்காரர்கிட்ட இன்னொண்ணு சொல்லி வெச்சிருக்கேன். அடுத்த மாசம் வருமாம். அது வரைக்கும் நீ புதன் புதன் வந்து இதைக் கொஞ்சம் பாத்து வெய்யி. தனியா இந்தத் தொட்டியைப் பாக்க எனக்கு முடியல."

மூடிக்காரர் எதற்காக ஐந்து வாரம் பொய் சொன்னாரோ, அது தானாக வந்து கையில் விழுந்தது. "சரிண்ணா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த புதன் இருக்கிறது, அதற்கடுத்த புதன் இருக்கிறது, டீ இருக்கிறது, புயல் கதை இருக்கிறது. தொண்டை வரைக்கும் வந்த வார்த்தை. ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்த மனிதர், செய்யாத கொலைக்குத் தன்னைத்தானே அடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கிற அளவுக்கு மூடிக்காரருக்குத் தோல் தடிக்கவில்லை. பையைத் திறந்து மூலைத் துண்டை எடுத்து அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நீங்க கொல்லலண்ணா. இது மூடி மாட்டின அன்னிக்கே ரெடி. ஒவ்வொரு வாரமும் பையிலதான் இருந்துச்சு."

பெரியவர் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தடியை ஊன்றி எழுந்துபோய் மூலையில் வைத்துப் பார்த்தார். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. அதில் தீனி போடுவதற்கென்று ஒரு சின்ன வாசலும், அதற்கு ஒரு கதவும்கூட வெட்டியிருந்தது, ஒரு கையால் திறக்கிற மாதிரி.

"அப்ப ஏன் மாட்டல?"

"மாட்டிட்டா வேலை முடிஞ்சிடும். அப்புறம் இங்க எப்படி வர்றது?"

பெரியவர் துண்டை மூலையிலிருந்து எடுத்து டப்பாவுக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்தார். பிறகு, "சும்மா வந்திருந்தா வெளிய போன்னு சொல்லியிருப்பேனா?" என்றார். "டீ குடிக்க வந்தேன்னு சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் உங்களுக்கு?"

இது வரைக்கும் வாய் நிறைய நீ, வா, போ என்றவர் 'உங்களுக்கு' என்றார். மூடிக்காரருக்குச் சுருக்கென்றது. பழக்க தோஷம், கை தானாகத் திருப்புளியைத் தேடியது. "இதையாவது மாட்டிட்டுப் போறேன்" என்றார்.

"உள்ள என்ன இருக்கு, மூடறதுக்கு?" என்றார் பெரியவர். "கிளம்புங்க. எனக்கு யாரையும் பாக்கப் பிடிக்கல."

அந்த வாரம் முழுக்க மூடிக்காரர் யோசித்தார். வேலை இல்லாமல் ஒரு வீட்டு மணியை எப்போது கடைசியாக அடித்தோம்? நினைவுக்கு வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால்கூட, பெண் வீட்டுக்கு ஜன்னல் அளக்கத்தான் போனார். மீன் செத்தது தன்னால். அந்த மனிதருக்கு இருந்த ஒரே துணையைத் தன் ஆசைக்காகத் தரையில் தள்ளியது தான்தான். ஞாயிற்றுக்கிழமை மனைவி, "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லை" என்றார்.

புதன்கிழமை பையை எடுக்காமல் கிளம்பினார். பையில்லாமல் படி ஏறும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. மணியை அடித்தார். கதவு பாதி திறந்தது.

"என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்லண்ணா. சும்மா வந்தேன்."

பெரியவர் அவருடைய வெறுங்கையைப் பார்த்தார். "என் கோவம் இன்னும் போகல."

"தெரியும்."

"இன்னிக்கும் போகாது."

"சரிண்ணா."

பெரியவர் திரும்பி நடந்தார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. மூடிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மோட்டார் நிறுத்தியிருந்தது. அந்தச் சத்தமும் இல்லாத அறையில் டீயும் இல்லை, கதையும் இல்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அரை மணி நேரம் அப்படியே போயிற்று.

"வாயைத் திறந்து திறந்து அப்படி என்னதான் கேட்டாளோ" என்றார் பெரியவர், தொட்டியைப் பார்த்தபடி. "கடைசி வரைக்கும் எனக்குப் புரியலய்யா."

"பசியா இருந்திருக்கும்."

"பசி இல்லை. வயிறு நிறைஞ்சப்புறமும் வந்து பாப்பா. பாத்துக்கிட்டே இருப்பா."

மூடிக்காரர் யோசித்தார். "அப்ப சும்மாதான் பாத்திருப்பாண்ணா. உங்களைப் பாக்கணும்னு."

பெரியவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மூடிக்காரருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, அவர் சொல்லவும் முயலவில்லை. நாற்காலியில் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து, பெரியவர் அழுது முடிக்கும்வரை அங்கேயே இருந்தார்.