காளியப்பனின் சீட்டில் போனவள்

கொச்சிக்கடையில் சரக்கு அடுக்குகிற கிட்டங்கிகளில் கிழிந்த சாக்கு எதுவும் இருளப்பன் கைக்குத் தப்பியதில்லை. காலை ஏழு மணிக்குக் கோணி ஊசியும் சணல் நூலுமாக உட்கார்ந்தானானால், மாலைச் சங்கு ஊதும்வரை எழும்ப மாட்டான். அதிகம் பேசவும் மாட்டான். பிறந்தது கொழும்புக் கொட்டாஞ்சேனையில். தகப்பன் இராமநாதபுரத்துப் பக்கமிருந்து துறைமுகத்துக்கு மூட்டை சுமக்க வந்தவர். தாய் தகப்பன் இரண்டு பேரும் இந்த மண்ணுக்குள்தான் கிடக்கிறார்கள். ஆனாலும் சர்க்கார் கந்தோர்க்காரர்களுக்கு அவன் இந்தியன். அப்படி எழுதிவிட்டால் அப்படித்தான், யார் போய்க் கேட்பது?

அவன் குடியிருந்த இடத்துக்குத் தோட்டம் என்று பெயர். செடி கொடி என்று மருந்துக்கும் கிடையாது. பத்தடி அறைகள் இருபது, தண்ணீர்க் குழாய் ஒன்று, அவ்வளவுதான் தோட்டம். அங்கேதான் இராமலெட்சுமியைக் கட்டிக்கொண்டு வந்தான். தகப்பனுடைய ஊர்ப் பெண். அவள் உறவினரைப் பார்க்கக் கொழும்புக்கு வந்த இடத்தில் பேசி முடித்து, மாரியம்மன் கோவிலில் தாலி கட்டியாயிற்று. பதிவு கிதிவு ஒன்றும் இல்லை. தோட்டத்தில் யாருக்குமே கிடையாது. இராமலெட்சுமி நல்ல வாய்க்காரி. இவன் ஒரு நாள் முழுக்கப் பேசாததை எல்லாம் அவள் ஒருத்தியே பேசித் தீர்த்துவிடுவாள். குழாயடியில் அவள் சிரித்தால் கடைசி அறைக்குக் கேட்கும். இரண்டு வருஷம் அவன் அந்தச் சத்தத்தில் சந்தோஷமாக இருந்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டான். அடுத்த நாளிலிருந்து கொட்டாஞ்சேனை காலியாகத் தொடங்கியது. ஆண்கள் போனால் வேலை போய்விடும். பெண்டு பிள்ளைகளையாவது அனுப்பிவிடலாம் என்று ஆளாளுக்குப் பறந்தார்கள். தனியாக வருகிற பெண்ணைத் தலைமன்னாரில் கப்பல் ஏற்ற மாட்டார்களாம் என்று ஒரு பேச்சு வேறு. மெய்யோ பொய்யோ, யார் கண்டது? பயந்தவனுக்கு எல்லாம் மெய்தான்.

அடுத்த அறைக் காளியப்பனுடைய மனைவி பாக்கியலெட்சுமி தலைப்பிரசவத்துக்கு முன்னமே ஊருக்குப் போயிருந்தாள். அவளை இப்போதைக்குக் கூட்டி வருகிற எண்ணம் இல்லாமல், பார்த்துவிட்டு வரமட்டும் காளியப்பன் புறப்பட்டான். கூலி வேலைக்காரர் இலங்கைக்கு வரக்கூடாது என்று இந்தியாவில் தடை இருந்ததால், போகிறவன் திரும்பி வருவதற்கு இங்கிருந்தே ஓர் அடையாளச் சீட்டு எடுத்துக்கொண்டு போகவேண்டும். காளியப்பனுடைய படம் ஒட்டிக் கைரேகை வைத்த அந்தச் சீட்டில் மனைவி பெயருக்கென்று ஓர் இடம் இருந்தது. அதில் இராமலெட்சுமி பெயரைப் போடலாமே என்ற யோசனை இருளப்பனுடையதுதான். போகையில் துணையும் ஆயிற்று, வருகையில் சீட்டும் ஆயிற்று. அவளுக்கென்று தனிச் சீட்டுக்கு அலைந்தால் ஒரு மாசம் ஆகும். இது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது என்று அவனுக்குப் பெருமை வேறு. பாவி மனுஷன்.

மருதானை ஸ்டேஷனில் இராமலெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"அடுத்தவரு பொண்டாட்டின்னு எழுதிக்குடுத்து அனுப்புறியே, ஒனக்குக் கொஞ்சங்கூட ரோசமில்லையா?" என்று கேட்டாள்.

நாலு மாசத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி அவளை ரயிலில் ஏற்றினான். நாலு மாசம் பதினொரு மாசமாயிற்று. அடுத்த பங்குனியில் ஒரு நாள் காளியப்பன் வந்து இறங்கினான். கூட ஒரு பெண்ணும் இருந்தாள். ஆனால் அவள் பாக்கியலெட்சுமி, இடுப்பில் குழந்தை.

இருளப்பனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் காளியப்பனின் சட்டையைப் பிடித்துவிட்டான். வாழ்நாளில் அவன் இன்னொருத்தர் மேல் கைவைத்தது அது ஒரு தடவைதான். காளியப்பன் தடுக்கவில்லை. ஊரில் மழை பொய்த்துப்போனதையும், தாய்க்குப் பால் வற்றிப் பிள்ளை சாகக் கிடந்ததையும், சீட்டில் ஒரு மனைவிக்குத்தான் இடம் இருந்ததையும் சொல்லி அழுதான். சீட்டில் எழுதியிருந்த பெயரைப் பாக்கியலெட்சுமி தன் பெயர் என்று சொல்லிக் கப்பல் ஏறியிருக்கிறாள். கப்பலுக்கு முன்னால் ஆட்களை நிறுத்திச் சோதிக்கிற மண்டபம் முகாமிலும் அப்படியே சொல்லியிருக்கிறாள்.

"அவகிட்டச் சொன்னீங்களா?" என்றான் இருளப்பன்.

"சொன்னேன் தம்பி. வீடு தேடிப் போயிச் சொன்னேன். புள்ளயப் பத்திக் கேட்டுச்சு. அப்புறம், பச்சப்புள்ளயக் கொண்டு போங்க, எங்க வீட்டு மனுசன் எனக்கு வேற வழி பாப்பாருன்னுச்சு."

சட்டையை விட்டுவிட்டான். இருளப்பன் வழி பார்ப்பான் என்று அவள் நம்பியிருக்கிறாள். அந்த நம்பிக்கைதான் அதற்குப் பிறகு அவனைத் தூங்கவிடாமல் அடித்தது.

அப்படியானால் அவனே ஊருக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். தோட்டத்திலும் கேட்டார்கள். போகலாம், போய் எதைத் தின்பது? மாமனார் வீட்டில் அடுப்பு எரிவதே இவன் கொழும்பிலிருந்து அனுப்புகிற மணியோடரில்தான். இவனும் போய் அங்கே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தால் எல்லோருமாகச் சேர்ந்து பட்டினி கிடக்கவேண்டியதுதான்.

யாரோ சொல்லி, வெள்ளவத்தையில் இருந்த வக்கீல், புரொக்டர் சிவபாதசுந்தரத்திடம் போனான். யாழ்ப்பாணத்து மனிதர், கண்டிப்பானவர், ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் காசில்லாதவர்களுக்கும் மனு எழுதிக்கொடுப்பார். கலியாணச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார். இல்லை என்றான். கோவிலில் ஏதும் எழுத்தில் உண்டா என்றார். அதுவும் இல்லை. தலையில் அடித்துக்கொண்டு, இன்னாருடைய மனைவி இராமலெட்சுமி, இன்ன ஊர், கணவனோடு வந்து சேர அனுமதிக்கவேண்டும் என்று ஒரு விண்ணப்பம் தட்டச்சுப் பண்ணி அனுப்பினார். காளியப்பன் சீட்டு விஷயத்தை இருளப்பன் அவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் எங்கே கேஸ் எடுக்காமல் விட்டுவிடுவாரோ என்று பயம். வக்கீலிடம் மறைக்கக்கூடாது என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஐந்து மாசம் ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறிப் போய் அவர் வீட்டு வாசல் கேற்றில் நின்றான். புரட்டாசியில் பதில் வந்தது. புரொக்டர் அவனை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இந்தப் பேரிலை ஒருத்தி பங்குனியிலையே வந்திறங்கிட்டாளாம். உம்மட தோட்டத்திலைதான் இருக்கிறாளாம், காளியப்பன் எண்டவன்ரை பெண்சாதியாய். அரிசிக் கூப்பன் புத்தகமும் அதே பேரிலை எடுத்திருக்கிறாளாம். என்னட்டை என்னத்தை மறைச்சனீர்?"

இருளப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். கேட்டு முடிந்ததும் புரொக்டருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முன்னமே சொல்லியிருந்தால் வேறு விதமாக எழுதியிருப்பேன் என்று கத்தினார். சர்க்கார் கண்ணில் அவனுடைய மனைவி ஏற்கனவே கொழும்பில் இருக்கிறாள், அதுவும் இன்னொருத்தனுக்கு மனைவியாக. வந்தவளை மறுபடி எப்படி வரவழைப்பது? கோபம் தணிந்த பிறகு, இருக்கிற ஒரே வழியையும் சொன்னார். தோட்டத்தில் இருப்பவள் இராமலெட்சுமி அல்ல, பாக்கியலெட்சுமி என்று இருளப்பன் சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டும். கொடுத்தால் காளியப்பனுக்கு மறியல் நிச்சயம், கம்பிக்குள்தான் இருக்கவேண்டும், தாயையும் பிள்ளையையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பொய்ச்சீட்டுக்கு உடந்தை என்று இருளப்பன் கழுத்துக்கும் கத்தி வரலாம். அதெல்லாம் தாண்டினால் விண்ணப்பத்தைத் திரும்பப் பார்ப்பார்கள், அதுவும் பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம்.

"நல்லாய் யோசிச்சுப்போட்டு வாரும்," என்றார். அப்போது அவர் குரலில் கோபம் இல்லை.

இருளப்பன் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் திரும்பினான். என் பெண்டாட்டியைத்தானே கேட்கிறேன், ஊரார் பெண்டாட்டியையா கேட்கிறேன்? அடுத்த இரண்டு வாரமும் காளியப்பன் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. பாக்கியலெட்சுமி குழாயடிக்கு வந்தால் எழுந்து போய்விடுவான். கடதாசியை எழுதச் சொல்லிப் புரொக்டரிடம் சொல்லியும் ஆயிற்று. கையெழுத்து வைக்கிற ஞாயிற்றுக்கு முந்திய வியாழக்கிழமை, விண்ணப்பம் போன கந்தோரிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் நேரே தோட்டத்துக்கே விசாரணைக்கு வந்துவிட்டார்.

காளியப்பன் வேலைக்குப் போயிருந்தான். இருளப்பனைக் கிட்டங்கியிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். வருகிற வழி முழுக்கச் சொல்லவேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். சரி, ஞாயிறு சொல்வதை இன்றைக்கே சொல்லிவிடலாம். வந்தபோது பாக்கியலெட்சுமி வாசலில் நின்றாள். இன்ஸ்பெக்டர் பெயர் கேட்டார்.

"இராமலெட்சுமி," என்றாள். கூப்பன் கடையில் ஆறு மாசமாகச் சொல்லிப் பழகியதால் தடுமாறாமல் வந்தது. குழந்தை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் இருளப்பன் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் தொடங்கித் தமிழுக்கு மாறினார். "மே கவுத? இந்தப் பொம்பளை யாரு, உனக்குத் தெரியுமா?"

தெரியும். தெரியாமல் என்ன? அவள்மேல் இன்னும் எரிச்சல் தீரவில்லை, இரக்கம் என்று பெரிதாக ஒன்றும் பொங்கவும் இல்லை. ஆனால் பச்சைப்பிள்ளையைக் கொண்டு போங்கள் என்று அனுப்பியவள் இராமலெட்சுமி. அந்தப் பிள்ளையை இவன் திருப்பி அனுப்பினால், அது போய் நிற்கப்போவதும் இராமலெட்சுமி இருக்கிற அதே பக்கத்தில்தான். அவள் முகத்தில் பிறகு எப்படி விழிப்பது?

"இராமலெட்சுமிங்க தொரே," என்றான். "காளியப்பண்ணன் சம்சாரம்."

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த ஃபைலைப் புரட்டினார். புரொக்டர் தட்டச்சுப் பண்ணிய விண்ணப்பம் அதற்குள்ளே இருந்தது. அதை விரலால் தட்டிக் காட்டினார். "அப்ப இது? இதில உன் பொஞ்சாதின்னு எழுதியிருக்கே?"

பாக்கியலெட்சுமி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருளப்பனையே பார்த்தாள்.

"தப்பா எழுதிட்டாங்க. எனக்குப் பொஞ்சாதி இல்லைங்க."

இன்ஸ்பெக்டர் விண்ணப்பத்தின் குறுக்கே நீளமாக ஒரு கோடு இழுத்தார். அதன் கீழே ஏதோ எழுதி, எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினார்: இருளப்பன், சாக்குத் தைக்கிறவன், வயது இருபத்தெட்டு, கலியாணம் ஆகாதவன். சரிதானே என்று கேட்டார். சரிங்க என்று சொல்லி, இருளப்பன் பெருவிரலை மையில் அழுத்தி அவர் காட்டிய இடத்தில் வைத்தான்.