பூஜை முடியவில்லை என்று சொல்

என் வீட்டுக்காரர் சண்டையில் இறந்த செய்தி போனில் வரவில்லை. பட்டாளத்தில் அதைப் போனில் சொல்ல மாட்டார்கள். உடுப்போடு ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். கூடவே ஒரு பெண்ணையும் அழைத்து வருவார்கள், கேட்டவள் விழுந்தால் தாங்கிப் பிடிக்க. அன்று வந்த அம்மாள் என் கையிலிருந்த பால் பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகுதான் அதிகாரி வாயைத் திறந்தார்.

என் மகனும் பட்டாளத்துக்கே போனான். நான் தடுக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு தடவை முருகன் உயிர் கேட்க மாட்டான் என்று நம்பினேன்.

எல்லையில் மறுபடி சண்டை வந்தபோது அவன் போன் அணைந்து கிடந்தது. நாங்கள் குடியிருக்கும் கோந்த்வா ஃப்ளாட்டில் நானும் மருமகளும்தான். அவள் டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

"சும்மா கத்தறானுங்க அத்தே. அவங்களுக்கு மட்டும் என்ன தெரியும்?"

ஆனால் குளிக்கப் போகும்போதும் போனை எடுத்துக்கொண்டுதான் போவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் பூஜையில் இருந்தேன். இன்டர்காம் அடித்தது. மருமகள் எடுத்துக் கேட்டுவிட்டு, வாட்ச்மேன் சொன்னதை என்னிடம் சொன்னாள்.

"ஆர்மிலேர்ந்து வந்திருக்காங்களாம்."

"பொம்பள யாராச்சும் கூட இருக்காங்களான்னு கேளு."

கேட்டாள். "ரெண்டு பேர் யூனிஃபார்ம்ல. கூட ஒரு மேடமும்."

"பூஜை முடியலன்னு சொல்லு. ஹால்ல உக்காரட்டும்."

பூஜை நடக்கும்போது நல்லதோ கெட்டதோ, எந்தச் சேதியும் உள்ளே வரக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அர்ச்சனை ஓடும் வரை என் பிள்ளை உயிரோடு இருப்பான். ஒரு நாமத்துக்கு ஒரு செவந்தி போட்டேன். பூ தீரப்போகிறது என்று தெரிந்ததும் இதழ் இதழாகக் கிள்ளிப் போட்டேன். அதுவும் தீர்ந்தது. சாமி காலடியில் கிடந்ததையே அள்ளி மறுபடி போட்டேன். அப்படிச் செய்யக்கூடாது. தெரிந்தேதான் செய்தேன்.

மருமகள் வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளும் அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. அந்த மேடம் எட்டிப் பார்த்து, அவசரமில்லை, நிதானமாக முடியுங்கள் என்று இந்தியில் சொன்னாள். அன்று வந்தவர்களும் அவசரப்படவில்லை.

கடைசியில் மருமகள்தான் எழுந்து போனாள். ஏதோ பேச்சு கேட்டது. அங்கிருந்தபடியே சொன்னாள்:

"மாமா போட்டோ வேணுமாம் அத்தே. நினைவுச் சுவர்ல வைக்கறாங்களாம். வேற ஒண்ணுமில்லையாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் சுவரோடு சரிந்தாள். அந்த மேடம்தான் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

நான் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக் கற்பூரம் காட்டிவிட்டு, அவர்களுக்குக் காப்பி கொடுத்தேன். போட்டோவையும் கொடுத்தேன். கிளம்பும்போது அதிகாரியிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். "நல்ல விஷயத்துக்கு வர்றதா இருந்தா, இனிமே போன் பண்ணிட்டு வாங்க சாப்." அவர் தலையைக் குனிந்து, "ஜி, மாஜி" என்றார், சரி அம்மா என்று.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்கள். போட்டோவைத் திருப்பிக் கொடுக்க வந்தபோதும் போன் செய்துவிட்டே வந்தார்கள். மகனும் ஒருநாள் பேசினான். இருமினான். எங்கே இருக்கிறான் என்று நான் கேட்கவில்லை, கேட்கக்கூடாது.

போன் வராமல் அவர்கள் வந்தால் என்ன அர்த்தம் என்பதை நானே என் வாயால் முடிவு செய்து கொடுத்துவிட்டேன். இப்போது கூரியர்காரன் மணி அடித்தாலும் கதவு ஓட்டையில் கண்ணை வைத்து, பின்னால் யாராவது பெண் நிற்கிறாளா என்று பார்க்கிறேன்.

"தள்ளுங்க அத்தே, நான் தொறக்கறேன்."

"இரு. நான் பாத்துட்டுச் சொல்றேன்."